மணி கேட்டால் கையைத் தூக்கு

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுப் பயனும் இல்லை. சாமளாபுரத்தில் எங்கள் வீட்டையும் தறிக்குடோனையும் பிரித்தது ஒற்றைச் செங்கல் சுவர்தான். காலையில் அப்பா சுவிட்சைப் போட்டால் விசைத்தறிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சமையலறையில் குண்டா விழுந்தால்கூடப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே பேச்செல்லாம் கையாலும் உதட்டாலும். அம்மா குடோன் வாசலில் நின்று கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ தயார். அப்பா இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டிக் காட்டினால் பாவு நூல் அறுந்திருக்கிறது. யாரையாவது திரும்பிப் பார்க்கவைக்க வேண்டுமென்றால் கழிவு நூலை உருட்டி முதுகில் எறிவது வழக்கம். அக்கா எறிந்தால் குறி தப்பாது.

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பவும் தோதாக இருந்தது. எவ்வளவு தோது என்றால், எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பது எட்டு வயதுவரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மனிதர்கள் பேசுவது என்றால் முகத்தை அசைப்பது, பக்கத்தில் வந்து பேசினால் கூடவே ஒரு முனகல் வரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் தறிச்சத்தம் தறிச்சத்தம் என்றது, தரையிலிருந்து பாதம் வழியாக ஏறி முழங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டுமே, அதைத்தான் என்று நம்பினேன். உதட்டைப் படிப்பதில் குடும்பத்திலேயே நான்தான் கெட்டி. கடைசித் தறியண்டை நிற்கும் அப்பா என்ன சொல்கிறார் என்பதை அம்மா என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வாள். வருகிறவர்களிடமெல்லாம் சின்னவள் படு சூட்டிகை என்று சொல்லிக்கொள்வாள். பேச்சு மட்டும் எனக்குக் கொஞ்சம் கொழகொழவென்று வரும். பல் விழுந்து முளைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். பல் முளைத்தது.

பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு வருஷமும் எனக்குக் குறையில்லை. அந்த டீச்சர் ஒவ்வொரு சொல்லையும் வாய் நிறைய அரைத்து, எங்கள் முகத்துக்கு நேராகக் கொடுப்பார். மூன்றாம் வகுப்பில்தான் சார் வந்தார். தங்கமான மனிதர். பிள்ளைகளை அடிக்க மாட்டார். ஆனால் அவருக்கு இரண்டு பழக்கம் இருந்தது. ஒன்று, நடந்துகொண்டே பாடம் சொல்வது. பலகையிலிருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் போவார், முதுகுப்பக்கமிருந்து பேசுவார், திரும்பி வருவார். இன்னொன்று, மீசை. மேலுதட்டை முழுக்க மூடி, கீழுதட்டிலும் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்த மீசை. அவர் பேசும்போது அது மேலும் கீழும் ஏறி இறங்கும். உள்ளே சொற்கள் இருக்கின்றன என்று தெரியும். ஒன்றும் வெளியே வராது.

சொல்வதை எழுதச் சொன்னால் நான் அவர் மீசையைப் பார்த்துக் கிடைத்ததை எழுதுவேன். அவர் முதுகுப்பக்கம் போய்விட்டால் எனக்குப் பிடித்ததை எழுதுவேன். அவர் குளம், குருவி, குதிரை என்று சொன்னாராம். நான் அம்மா, தறி, நாய்க்குட்டி என்று எழுதியிருந்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் அவரை ரொம்ப நோகடித்தது.

அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை, தன் போக்கில் எதையோ எழுதுகிறாள், வீட்டில் செல்லம் அதிகமா என்று சார் கேட்டாராம். வீட்டில் இவளிடம் எதையும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதே இல்லை என்று அம்மா சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பவில்லை. கடைசியில், அடுத்த பரீட்சையிலும் இப்படியே இருந்தால் மறுபடி இரண்டாம் வகுப்பில் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அதுவரை மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று என்னைக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் மாற்றினார்கள்.

அன்றைக்கு அப்பா தறியை நிறுத்தாமலே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். படிப்பு வரவில்லையென்றால் விடு, இங்கேயே தார் சுற்றிக்கொண்டு இருக்கட்டும் என்று உதட்டால் அம்மாவிடம் சொன்னார். ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றுகிற வேலைக்குத்தான் தார் சுற்றுவது என்று பெயர். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ சந்தோஷம். நாள் முழுக்க ராட்டை சுற்றலாம், எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது?

என் வகுப்பில் சுகன்யா என்று ஒருத்தி இருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால் இரண்டும் விறைப்பு. வலது கையும் சொன்ன பேச்சுக் கேட்காது. அவளுடைய அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிற வழியில் இடுப்பில் தூக்கிவந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போவார். கால்தான் விறைப்பே தவிர, வாய் அப்படியில்லை. யார் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தலைமையாசிரியை யாரைத் திட்டினார் என்பதுவரை எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவளுக்காக வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒரு சிறப்பு டீச்சர் ஸ்கூட்டியில் வருவார். பல பள்ளிகளுக்கு அவர் ஒருத்தர்தான். எங்களுக்கு வியாழன். அதனால் அவருக்குப் பெயரே வியாழக்கிழமை டீச்சர். சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். ஊருக்குப் போய்வந்த வாரமெல்லாம் அவர் பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர் வராந்தாவில் பாயை விரித்து, சுகன்யாவின் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பார். நான் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சார் மீசையைப் பார்ப்பதைவிட அது லாபமாக இருந்தது. டீச்சருக்குத் தெளிவான வாய்.

ஒரு வியாழக்கிழமை சுகன்யா காலை நீட்ட மறுத்து அழுதுகொண்டிருந்தாள். டீச்சர் குனிந்து அவள் காதோரம் ஏதோ சொன்னார். எனக்கு அது ஜன்னல் வழியாக நன்றாகவே வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. பெருக்கலில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாராம் சார், என்னை எழுப்பி நிறுத்தினார். சத்தம் கேட்டு வியாழக்கிழமை டீச்சரும் வாசலுக்கு வந்துவிட்டார். எதற்குச் சிரித்தாய் என்று என் முன்னால் நின்று கேட்டார். கேட்டவருக்கு உண்மையைச் சொல்வதுதானே முறை.

"காலை நீட்டலீன்னா உங்க சாரு மீசையில ஊஞ்ச கட்டி ஆட்டிப்போடுவேன்னு சொன்னீங்கல்லங் டீச்சர், அதுக்கு."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. சாரின் கை தன்னால் மீசைக்குப் போயிற்று. டீச்சரின் முகம் சிவந்துபோய், அப்புறம் மெதுவாக வேறு மாதிரி ஆயிற்று. திரும்பி வராந்தாவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். நடுவில் பள்ளிக்கூட முற்றமே இருந்தது. அவர் சொன்னது பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்டிருக்காத ரகசியம்.

சாரிடம் கேட்டுக்கொண்டு என்னை வெளியே கூட்டிப்போனார். என்னை முற்றத்தைப் பார்க்க நிறுத்திவிட்டுப் பின்னால் போனார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து என் பெயரைப் பலமுறை கூப்பிட்டாராம். கைகூடத் தட்டினாராம். சுகன்யா பிறகு சொன்னாள். அப்புறம் முன்னால் வந்து, முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு ஏதோ கேட்டார். வழக்கமான முனகல்தான் வந்தது. எனக்கு எரிச்சலாகிவிட்டது. முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"வாயைக் காட்டுங் டீச்சர். மூடிட்டுப் பேசினா எப்புடித் தெரியும்?"

அவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து என் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை. முருங்கைக்காய் வாசம் அடித்தது.

அவர் சாரிடம் ரொம்ப நேரம் பேசினார். சாருடைய பதில் எனக்குத் தெரியவில்லை, மீசை. ஆனால் அவர் பேசவே இல்லை என்று சுகன்யா சொன்னாள். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாராம்.

மறுநாளே என்னைக் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு, சுகன்யா பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்குக் காது கேட்கும், எழுத வராது. எனக்கு எழுத வரும், காது கேட்காது. இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தால் முழுசாக ஒரு மாணவி கிடைப்பாள் என்று யோசித்திருப்பார்கள் போல. சார் பின்னால் நடந்துபோய்ச் சொல்வதையெல்லாம் சுகன்யா என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டால் சொல்வாள். நான் என் நோட்டிலும் எழுதி அவள் நோட்டிலும் எழுதுவேன். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பாட்டும் மாட்டும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். பணமும் மணமும் அப்படித்தான். அதற்கு சுகன்யாவே வழி கண்டுபிடித்தாள். மகரம் வந்தால் இடது கையால் மூக்கைத் தொடுவாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, இதை எங்களுக்கு யாருமே சொல்லித்தரவில்லையே என்று சிரித்தார்.

அடுத்த திங்கட்கிழமை சார் வகுப்புக்கு வந்தார். முதலில் அவரை யாரென்றே எங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று பாதியில் நின்றார்கள். மீசை இல்லை. இருந்த இடத்தில் பென்சிலால் கீறினாற்போல ஒரு கோடு. அதற்குக் கீழே, வெயிலே படாத வெளுத்த உதடு. அவர் வகுப்பைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். திரும்பியவர் ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி எங்களைப் பார்த்துத் திரும்பினார். பிறகு, என் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு சொல்லாக, இன்றைக்கு என்ன பாடம் என்று சொன்னார். மூன்றாம் வகுப்பில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் வாக்கியம் அது. மழைநீர் பற்றிய பாடம். எனக்கு இன்றும் மனப்பாடம்.

சார் பழனிக்கு வேண்டிக்கொண்டு மீசையைக் காணிக்கை கொடுத்துவிட்டார் என்று வகுப்பில் பேசிக்கொண்டோம். மொட்டை போடுகிறவர்கள் உண்டு, மீசையை மட்டும் கொடுத்தவர் இவர்தான் என்று எங்களுக்கு அவர்மேல் பக்தியே வந்துவிட்டது. வேண்டுதல் என்னவாக இருக்கும் என்று சுகன்யாவும் நானும் பலநாள் யோசித்தோம்.

பள்ளிக்கூடத்தில் எல்லாம் இப்படி ஒரு வழிக்கு வந்தபோது வீட்டில்தான் வரவில்லை. திருப்பூர் பெரியாஸ்பத்திரியில் முகாம் நடக்கப்போகிறது, கூட்டிவந்தால் காதைப் பரிசோதித்து மிஷின் கொடுப்பார்கள், அப்பா அம்மா யாராவது சம்மதித்து வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். டீச்சரே நேரில் வந்தார். முதல் தடவை, பையில் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து முருங்கைக்காய் விற்க வந்தவர் என்று நினைத்து, வேண்டாம் என்று அம்மா கையசைத்து அனுப்பப்பார்த்தாள். அடுத்த தடவை டீச்சர் குடோனுக்குள்ளேயே போய்விட்டார். தறிக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்பா ரொம்ப மரியாதையாகக் கும்பிட்டு, தறியைக் காட்டி, நேரமில்லை என்று சைகை காட்டினார்.

டீச்சர் யோசித்து, மின்வெட்டு நேரத்துக்கு வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போகிற நேரம் எல்லோருக்கும் மனப்பாடம். மத்தியானம் தறிகள் எல்லாம் நின்று, என் பாதத்தில் கிச்சுக்கிச்சு அடங்கியதும், அவர் வாசலில் நின்றார். தப்பிக்க வழியில்லாமல் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் சொன்னதையெல்லாம் கேட்கிறாள், பெண்பிள்ளை காதில் பெட்டியை மாட்டிக்கொண்டு திரிந்தால் ஊர் என்ன சொல்லும், நாளைக்கு ஒரு இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டாமா என்று அப்பா நிறுத்தி நிதானமாகச் சொன்னார். டீச்சர் எதையும் மறுக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன மணியை எடுத்தார். ஒரு விளையாட்டு விளையாடலாம் என்றார். சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். மணி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அக்கா ஓடிவந்து நின்றாள். அவள் பக்கத்தில் நான் நின்றேன். அப்பா எழுந்தார்.

"நானும் நிக்கறனுங் டீச்சர். எம்புள்ளைக்கு எது கேக்குதோ அது எனக்குங் கேக்கும்."

மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்றோம். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் அக்கா கையைத் தூக்கியிருந்தாள். தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். நான் தூக்கவில்லை. அந்தப் பக்கம் அப்பாவைப் பார்த்தேன். அவரும் தூக்கவில்லை. எனக்கு ஒரே நிம்மதி. அக்கா ஒருத்தி ஜெயித்தால் நான் அழுவேன் என்று, எனக்குத் துணையாக அப்பாவும் தோற்கிறார். தாயம் ஆடும்போதும் அவர் அப்படித்தான், என் காயை வெட்டமாட்டார்.

அப்புறம் டீச்சர் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த காது மிஷின் பெட்டி ஒன்றை என் சட்டையில் மாட்டி, அதன் ஒயரை என் காதில் பொருத்தினார். மறுபடி சுவர். இந்தத் தடவை முதுகுக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று, குளிர்ந்த தண்ணீர்ச் சொட்டு மாதிரி, வந்து காதுக்குள் விழுந்தது. திடுக்கிட்டுக் கையைத் தூக்கினேன். இன்னொரு சொட்டு. மறுபடி தூக்கினேன். பெருமை தாங்காமல் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தூக்கிய பிறகு அவர் கை மெதுவாகப் பாதிவரைக்கும் ஏறி, அப்படியே நின்று, கீழே இறங்கிவிட்டது.

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். நான் ஜெயித்ததை யாருமே கொண்டாடவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கோபம்.

அப்பா தொட்டியில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்துக்கொண்டே, பாப்பாவை எப்போது கூட்டிவர வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டார். அவ்வளவு நாள் பிடிவாதம் ஒரு மணியில் தீர்ந்துவிட்டது. டீச்சர் என் பெட்டியைக் கழற்றிக்கொண்டு, அவர் பக்கமாகத் திரும்பி ஏதோ சொன்னார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. அப்பாவின் பதில் மட்டும் கிடைத்தது.

"எனக்கெதுக்குங் டீச்சர். தறிகிட்டப் பேசறதுக்குக் காது வேணுமுங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். டீச்சர் ஏன் சிரிக்கவில்லை என்று தெரியவில்லை. அடுத்த நாள் இதையெல்லாம் சுகன்யாவிடம் சொன்னேன். எங்கப்பா எனக்காகவே தோற்றுப்போய்விட்டார் என்று சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்த பொறாமையை நன்றாக அனுபவித்தேன்.

மிஷின் வந்தது. அதை மாட்டிக்கொண்டு முதன்முதலாகக் குடோன் கதவைத் திறந்த காலைநேரம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. எத்தனையோ ஆயிரம் தடவை நுழைந்த இடம். பாதத்தில் கிச்சுக்கிச்சு மூட்டிய தறிகள், இத்தனை நாள் என்னிடம் பொய் சொன்னவைபோல, ஒரே நேரத்தில் தலைமேல் வந்து விழுந்தன. ஓலமிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். காதிலிருந்து பிடுங்கி எறிந்தேன். சத்தம் போன இடம் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அப்பா அந்தக் கடைசித் தறியருகே, நாடா இழைகளுக்கு நடுவே ஊடை நூலோடு போய்வருவதைப் பார்த்துக்கொண்டு, தினமும் நிற்பதுபோல நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், என்னாச்சு அம்முணி என்று உதட்டால் கேட்டார்.

தறி கத்துது என்று நானும் உதட்டால் சொன்னேன்.

அப்படியா என்பதுபோல அவர் தறியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். இவருக்கு மட்டும் இது எப்படி வலிக்காமல் இருக்கிறது, என்ன தைரியம் என் அப்பாவுக்கு என்று வியந்தபடியே நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.